பாலர் அறைக்கு என்ன வேண்டும்?

(காரைக்குடியில் நடைபெற்ற நமது மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் குழந்தைகள் நல மருத்துவர் ஆற்றிய உரை. பேச்சின் நடையைக் கூடியமட்டும் மாற்றாமல் தருகிறோம்.)



தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் என்று பல ஊர்களிலிருந்தும் சிரமம் பாராமல் வந்திருக்கிறீர்கள். உங்கள் உதாரத்துவமான கொடைகளினால்தான் நம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கும் பாலர் அறை இத்தனை ஆண்டுகளாக நடந்து வருகிறது. வார்டில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகள், உள்நோயாளியாகத் தாயார் படுத்திருக்க வெளியே நிற்கிற பிள்ளைகள், இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை முப்பதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தினமும் அங்கே இருக்கிறார்கள். ஓர் ஆசிரியை, உதவிக்கு ஓர் ஆயா.

போன கூட்டத்தில் உங்களில் ஒரு குடும்பத்தார் எழுந்து, இந்த அறையை இடித்துவிட்டுக் குளிர்சாதன வசதியோடு புதுக் கட்டடம் கட்டித் தருகிறோம், சுவரில் பெரிய டி.வி. வைத்துத் தருகிறோம் என்று சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் மனது சரியில்லை. நிர்வாகக் குழுவில், "டாக்டரம்மா, பிள்ளைகளுக்கு நிஜமாக என்ன வேண்டும் என்று நீங்களே வந்து சொல்லுங்கள்" என்றார்கள். அதற்காகத்தான் நிற்கிறேன். நான் சொல்வதில் சிலருக்கு ஏமாற்றம் இருக்கலாம். முன்னதாகவே பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அறை பிறந்த கதையும் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு தாயார் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டரை வயது. எலும்பும் தோலும் என்பார்களே, அப்படி. சேர்த்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், பிறகு கஞ்சி, பிறகு முட்டை. தினமும் காலையில் எடை பார்த்துப் பட்டியலில் குறித்தேன். கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிவிட்டேன். எனக்குப் பெருமைதான்.

வார்டு கூட்டுகிற அக்கா ஒருவர் இருந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்து, "டாக்டரம்மா, எடை ஏறிருச்சு, சரிதேன். பய இன்னும் ஒரு வார்த்த பேசலையே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பையனின் கட்டில் சுவர்ப்பக்கம். தாயார் பகலெல்லாம் சூளைக்குப் போய்விடுவார். நாங்கள் பால் கொடுத்தோம், ஊசி போட்டோம், எடை பார்த்தோம். அவனிடம் பேசியவர்கள் யார்? விளையாட அவன் கையில் என்ன இருந்தது? என் பட்டியலில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. கூட்டுகிற அக்காதான் காலி மருந்து டப்பாவில் நாலு புளியங்கொட்டையைப் போட்டு, மூடியைப் பிளாஸ்திரியால் இறுக ஒட்டி, வேலை முடிந்ததும் அவன் அருகில் உட்கார்ந்து உருட்டிவிடுவார். அவன் திருப்பி உருட்டுவான். "தா" என்பார் இவர். ஐந்தாறு நாளில் அவனும் "தா" என்றான். நான் அனுப்புகிற தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்தேன். சூளை வேலை முடிந்ததும் அந்தக் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது. பிறகு அவனை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த மாதமே பின்கட்டில் சாமான் போட்டிருந்த அறையை ஒழித்து, பாய் விரித்து, அதே அக்காவை அங்கே உட்கார வைத்தோம்.

இது ஒரு ஆஸ்பத்திரியின் தனிக் கதை என்று நினைக்கவேண்டாம். ஜமைக்கா தீவிலே, கிங்ஸ்டன் நகரத்தில், சாலி கிரந்தம் மக்ரெகர் என்கிற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள், 9 மாதம் முதல் 24 மாதம் வரை உள்ளவர்கள், ஏழைக் குடியிருப்புகளிலிருந்து சேர்க்கப்பட்டார்கள். நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் பால் மாவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணிப்பெண் வீட்டுக்கு வந்து, தாயோடு உட்கார்ந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று காட்டுவார். விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் வீட்டில் கிடக்கிற பொருள்களால் செய்தவை. மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு ஆண்டுகள்.

பால் மாவு வாங்கிய பிள்ளைகளும் ஆரம்பத்தில் முன்னேறினார்கள். ஆனால் அந்த முன்னேற்றம் நாளடைவில் நிலைக்கவில்லை. பேச்சும் விளையாட்டும் கிடைத்த பிள்ளைகளுடையது நிலைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட ஏறக்குறைய 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 2014ஆம் ஆண்டு அது அச்சில் வந்தபோது நான் இரண்டு தடவை படித்தேன். வாரம் ஒரு மணி நேரம்! காலி டப்பாவும் துணிப் பொம்மையும்!

சோறு வேண்டாம், பால் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார் என்று யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். பசித்த பிள்ளைக்கு விளையாட்டு வராது. நான் சொல்வது, வயிறு நிறைந்தவுடன் நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோமே, அதைப்பற்றி.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர்கள் பெருமைப்படக்கூடிய ஒரு செய்தி உண்டு. பாலர் கல்விக்கு உலகெங்கும் வழிகாட்டிய மரியா மாண்டிசோரி அம்மையார், ஆசிரியை ஆவதற்கு முன் மருத்துவர். 1896இல் ரோமாபுரியில் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கி ஓர் அறையில் அடைத்து வைத்திருந்த பிள்ளைகளை அவர் பார்க்கப் போனபோது, அவர்கள் தரையில் விழுந்த ரொட்டித் துகள்களுக்காகத் தவழ்வதைக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு பேராசை" என்று காவற்காரி முகம் சுளித்தாளாம். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் தொட, உருட்ட, எடுத்து வைக்க அந்த அறையில் வேறு ஒரு பொருளும் இல்லை. பிள்ளைகளின் கைதான் பசித்திருந்தது என்று அவருக்கு விளங்கியது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளைகள் தாங்களே தூக்கி வைக்கக்கூடிய நாற்காலி, எட்டி எடுக்கக்கூடிய அலமாரி, இவையெல்லாம் அங்கிருந்து வந்தவை.

அவர் 1939இல் நம் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியதால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்து, செடி கொடிகளோடும் பூச்சிகளோடும் கற்பிக்கிற முறையை விரிவாகச் செய்து பார்த்தார். பிறகு 1950களில் நம் காரைக்குடியிலேயே வள்ளல் அழகப்பர் தம் கல்வி நிறுவனங்களுக்குள் ஒரு மாண்டிசோரி பள்ளியையும் சேர்த்துக்கொண்டார். கலைக்கல்லூரியும் மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடமும் இங்கே வரக் காரணமான அதே மனிதர், மூன்று வயதுப் பிள்ளைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஆனால் நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிற முன்மாதிரி மாண்டிசோரியைவிட இன்னும் எளிமையானது. அங்கன்வாடி என்று தினமும் சொல்கிறோம். அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் என்கிற அம்மையார் இருந்தார். குஜராத்தில் கிஜுபாய் பதேகா நடத்திய பாலர் பள்ளியில் வேலை செய்து பழகியவர். 1945இல் கடலோரத்திலுள்ள போர்டி கிராமத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்காகப் பாலர் பள்ளி திறந்தபோது, பிள்ளைகள் வரவில்லை. தம்பியைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், ஆட்டைப் பார்க்க வேண்டும். சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று அவரும் அவருடைய மாணவி அனுதாய் வாகும் குடிசைகளின் முற்றத்துக்கே போனார்கள். கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை, இவைதான் பாடச் சாமான். முற்றத்துப் பள்ளி என்ற பொருளில் அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. பிறகு 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் அரசாங்கம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதே பெயர் நாடெங்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேற்பட்ட மையங்கள்.

முற்றத்தைப்பற்றிச் செட்டிநாட்டாருக்கு நான் சொல்ல வேண்டுமா? முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று அடுக்கடுக்காய்க் கட்டிய வீடுகளில் வெயிலும் மழையும் நேராய் வந்து விழும் இடம் அது. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆச்சி ஒருநாள் என்னிடம் சொன்னார்கள். முற்றத்தில் வற்றல் காய வைத்தால் காக்கை விரட்டுவது இவர்கள் வேலை. நாலு வயது. கையில் ஒரு குச்சி. சும்மா உட்கார முடியாமல் வற்றலை வரிசை வரிசையாய் எண்ணுவார்களாம். நிழல் எந்தத் தூணுக்கு வந்தால் எடுக்கச் சொல்வார்கள் என்று பார்ப்பார்களாம். மழை பெய்தால் நான்கு மூலையிலும் வைத்த அண்டாக்களில் எது முதலில் நிறையும் என்று பந்தயம். பக்கத்தில் அப்பத்தா கொட்டான் பின்னிக்கொண்டே, "சிவப்பு ஓலையை எடு, இப்ப பச்சை, திரும்பச் சிவப்பு" என்று கேட்பார்களாம். எண்ணிக்கை, காலம், கொள்ளளவு, வண்ண வரிசை. இதையே இன்று பயிற்சிப் புத்தகமாக அச்சடித்து விலைக்கு விற்கிறார்கள்.

அந்த முற்றத்தில் என்ன இருந்தது என்று கவனியுங்கள். கையாளப் பொருள் இருந்தது. செய்ய உண்மையான வேலை இருந்தது. பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல, அவசரமில்லாத ஒரு பெரியவர் அருகில் இருந்தார். இன்று அதே வீடுகளில் பல, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளவென்று இருக்கிறது. அதில் தவழப் பிள்ளை இல்லை. கட்டடம் இருந்தால் போதாது என்பதை உலகத்தில் வேறு எந்த ஊராரைவிடவும் நீங்கள் அறிவீர்கள்.

இனி நம் பாலர் அறைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு காரியம் செய்தேன். நாற்காலியை வெளியே போட்டுவிட்டு, ஒரு காலை முழுவதும் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து அந்த அறை எப்படித் தெரிகிறது என்று நீங்களும் ஒரு தடவை பார்க்கவேண்டும். சுவரில் நாம் ஆசையாய் மாட்டிய படங்கள் எல்லாம் ஆறடி உயரத்தில். பிள்ளைக்குத் தெரிவது சட்டத்தின் அடிப்பாகம். ஜன்னல் உயரம்; வானம் தெரியும், மாமரம் தெரியாது. தண்ணீர்ப் பானை மேடையில். தாகம் எடுத்தால் ஆயாவைக் கூப்பிட வேண்டும். நீங்கள் அனுப்பிய மரக்கட்டைகள், சொப்புச் சாமான், படப் புத்தகங்கள் எல்லாம் இரும்பு பீரோவுக்குள். சாவி ஆசிரியையிடம். "ஏன் பூட்டி வைத்தீர்கள்?" என்றேன். "தொலைந்தால் நான்தானே பதில் சொல்லணும், டாக்டர்?" என்றார். அவர் மேல் குற்றமில்லை. சாமான் பட்டியலைச் சரிபார்க்கிறோமே தவிர, சாமான் தேய்ந்திருக்கிறதா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்து வருஷமாகியும் புத்தம் புதிதாக இருக்கும் பொம்மை வீணான பொம்மை. உடைந்தவற்றைக் கழித்து எழுத ஆசிரியைக்கு அனுமதி கொடுங்கள் என்று நிர்வாகத்தை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை சுவர் முழுதும் கறுப்புச் சாயம் பூசிவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரும்பலகை. கதவில்லாத தாழ்ந்த தட்டு நாலு. வெளியே மாமரத்தடியில் ஒரு மணல் குழி. பூனைக்காக அதற்கு ஒரு மூடி. ஒரு தொட்டியில் தண்ணீர், ஓட்டை டப்பா, புனல், கொட்டாங்கச்சி. பிள்ளைக்கு ஏற்ற அளவில் கழிப்பிடம். பெரியவர்கள் கழிப்பிடத்துக்குள் விழுந்துவிடுவோம் என்று பயந்து அடக்கிக்கொள்கிற பிள்ளைகளை வயிற்றுவலி என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விலைக்கு வராது.

பாதுகாப்பு மட்டும் பேரம் பேச முடியாத விஷயம். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் மாண்டுபோனார்கள். அந்த வாரம் நம் மாநிலத்தில் தூங்காத தாய்மார் எத்தனை பேர்! ஆகவே சமையல் அடுப்பு அறையைவிட்டுத் தள்ளி இருக்கிறதா, இரண்டாவது வாசல் இருக்கிறதா, அது உள்ளே பூட்டாமல் இருக்கிறதா, இவற்றைப் பார்க்காமல் சறுக்குமரத்தைப்பற்றிப் பேசக்கூடாது. நம் அறைக்கு இரண்டாவது வாசல் உண்டு. ஆனால் அதன்முன் பழைய கட்டில்கள் அடுக்கியிருந்தன. மறுநாளே எடுத்துவிட்டோம்.

இதெல்லாம் பொருள். இப்போது ஆளைப்பற்றி.

2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயதுள்ள 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்கு உட்பட்ட 10 பேருக்கு ஒருவர் என்கிறது. நம் அறையில் இரண்டு வயதும் ஐந்து வயதுமாக முப்பதுக்கு மேல்; ஆயா சமையலுக்கும் கழுவவும் போய்விட்டால் ஆசிரியை தனி ஆள். தனி ஆளாய் முப்பது பேரைச் சமாளிக்க உலகத்தில் ஒரே வழிதான் உண்டு: கை கட்டு, வாய் பொத்து. நான் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில் ஒரு சிறு பெண் ஆசிரியையின் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், எறும்பு எங்க போகுது?" என்றாள். ஆசிரியை கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் ஒருவன் இன்னொருவனைக் கடித்துவிட்டான். திரும்பி வருவதற்குள் அந்தப் பெண் கேட்பதை விட்டுவிட்டுக் கை கட்டி உட்கார்ந்துவிட்டாள். நாம் கட்டப்போகிற கட்டடத்தில் எத்தனை குளிர் இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. டி.வி.யும் சொல்லாது, அது யார் கேள்வியையும் கேட்காமல் பேசிக்கொண்டே இருக்கும்.

பாலர் பள்ளிகளின் தரத்தை அளக்க 1980இல் அமெரிக்காவில் ஹார்ம்ஸ், கிளிஃபர்ட் என்ற இருவர் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதை நம் ஊருக்கேற்றபடி மாற்றித் தமிழ்நாட்டுக்கென ஓர் அளவுகோல் செய்தார்கள். அமெரிக்க மூலத்தைப் புரட்டியபோது என்னை நிறுத்தியது அதன் கடைசிப் பிரிவு. பிள்ளைகளுக்கான இடம், பேச்சு, விளையாட்டு எல்லாம் கேட்டுவிட்டு, முடிவில் அங்கே வேலை செய்கிற பெரியவரின் தேவைகளைக் கேட்கிறது. அவர் சற்று ஓய்ந்து உட்கார இடமிருக்கிறதா? பயிற்சி கிடைக்கிறதா? நம் ஆசிரியை காலை எட்டரைக்கு வந்தால் மாலை நாலரை வரை ஒரு டம்ளர் காப்பி உட்கார்ந்து குடித்ததில்லை. களைத்துப்போனவரிடம் போய், பிள்ளைகளிடம் அன்பாய்ப் பேசுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டு வருகிறோம்.

இந்தப் பக்கத்தில் ஆயா என்றால் தாயைப் பெற்ற தாய். பாலர் அறையில் வேலை செய்கிறவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் கடைசிப் பெயர்.

இனி, பெற்றோர்கள் கேட்பது. "டாக்டர், அந்தத் தெருப் பிள்ளை எல்.கே.ஜி.யில் ஏ, பி, சி எழுதுது. நம்ம ரூம்ல மண்ணுலதானே விளையாடுது?" கேட்கிற தாயார் நம் வார்டில் இரவுப் பணி செய்கிறவர். தன் பிள்ளை தன்னைப்போல் ஆகிவிடக்கூடாது என்ற பயம் அது. அதை நான் லேசாய்த் தள்ளமாட்டேன். அரசாங்கமும் அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் 2019இல் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது.

அப்படிக் கேட்கிற தாய்மாருக்கு நான் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டுவேன். பெரியவர் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறந்த குழந்தைக்குப் படம் எடுத்தால் அந்த எட்டில் அநேகமாய் ஒன்றும் தெரியாது; எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. மூன்று வயதில் இரண்டு மூன்று தெரியும். எட்டும் தெரிய ஏறக்குறையப் பத்து வயதாகும். "இந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு பக்கம் எழுதச் சொல்கிறீர்களே, அம்மா?" என்பேன். மண் பிசைகிறது, மணி கோர்க்கிறது, ஈரத்துணி பிழிகிறது, பூ தொடுக்கிறது, இவைதான் அந்தக் கைக்கு இப்போது எழுத்துப் பயிற்சி. நம் மாநில அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்துக்கே ஆடிப்பாடி விளையாடு பாப்பா என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்து வரட்டும், நானும் தடுக்கவில்லை; ஐந்து வயதில் அது தானாய் ஓடி வரும். ஆங்கிலமும் அப்படித்தான். தாயின் பேச்சில் நூறு கேள்வி கேட்டுப் பழகின பிள்ளைக்கு இன்னொரு மொழியும் பிடிபடும். முதல் மொழியிலேயே வாயைப் பொத்தி வைத்த பிள்ளைக்கு இரண்டாவதில் என்ன பேச இருக்கும்?

சட்டத்தைப்பற்றி ஒரு வார்த்தை, வேகமாய்ச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் உரிமையாகப் பேசுகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு முயலவேண்டும் என்ற அளவில்தான் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சொன்னது; தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் அது இடம் கொடுத்தது. நம் ஆஸ்பத்திரி அந்தக் கணக்கில் வருகிறது. ஆகவே பாலர் அறையை நாம் செய்கிற தர்மம் என்று இனி எழுதவேண்டாம். நம் தாதியருக்கு நாம் செலுத்தவேண்டிய பாக்கி அது.

என் வேண்டுதலைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் தருகிறோம் என்ற குடும்பத்தார் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனதுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். அவர்களிடமே நேராய்க் கேட்கிறேன்: அந்தத் தொகையை வங்கியில் வைத்து, அதன் வட்டியில் இரண்டாவது ஓர் ஆசிரியையை நியமிக்க முடியுமா? கூடவே ஆயாவுக்கு நியாயமான சம்பளம். கல்வெட்டு வைக்கச் சுவர் இருக்காது, எனக்குத் தெரியும். ஒரு சம்பளத்தின்மேல் யாரும் பெயர் பொறிக்க முடியாது. ஆகையால்தான் சம்பளத்துக்குக் கொடுப்பவர்கள் எப்போதும் குறைவாய் இருக்கிறார்கள்.

பணம் கொடுக்க இயலாதவர்களிடமும் கேட்க எனக்கு வேறு இருக்கிறது. பழைய நூல் சேலைகள், வெவ்வேறு அளவுப் படிகள், உழக்கு, ஆழாக்கு, பல்லாங்குழி, அரிதட்டு, பெரிய பெரிய பொத்தான்கள், மூடியுள்ள டப்பாக்கள். ஓரம் கூர்மையானதும் வர்ணம் உதிர்வதும் வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கிற அளவில் உள்ளது எதுவானாலும் முதலில் என்னிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். கொட்டான் பின்னத் தெரிந்த ஆச்சிமார் யாராவது வாரத்தில் ஒருநாள் மாமரத்தடியில் வந்து உட்கார்ந்து பின்னினால் போதும். பாடம் நடத்தவேண்டாம். பிள்ளைகள் தாங்களாகவே வந்து சூழ்ந்துகொள்வார்கள். கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அறை திறந்திருக்கும். வருகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். இருமலோ சளியோ இருந்தால் அடுத்த வாரம் வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கவில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு முக்காலி இருக்கிறது. பீரோ சாவி இப்போது ஆணியில் தொங்குகிறது.